கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றவர்

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவள். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் ஓரகத்திக்குக் கடிதம் போட்டதைத் தவிர எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள். எங்கள் கடைத்தெருவில் என்னைவிட அதிகம் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது அவரைப் பற்றி எழுதுவார்கள் என்று பார்த்தேன். பேச்சு வந்தால் சிரிக்கிறார்கள், அல்லது பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. தன்னைக் கேட்காமல் தன் பெயரை ஓரிடத்தில் போட்டால் அவருக்குப் பிடிக்காது. கேட்கலாமென்றால் அவர் இப்போது இல்லை.

அருணாசலேசுவரர் கோயிலின் பே கோபுரத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்து. அதில் கயிற்றுக்கடை வைத்திருந்தார். கிணற்றுக்கயிறு, மாட்டுக்கயிறு, உறி, பிரிமணை எல்லாம் கடையின் உத்தரத்திலிருந்து தொங்கும். நல்ல உயரமான மனிதர். தொங்கும் கயிறு முகத்தில் படாமலிருக்கக் குனிந்து குனிந்து நடந்து, கடைக்கு வெளியே வெட்டவெளியில் வரும்போதும் கழுத்தைத் தாழ்த்தியே நடப்பார். சட்டையில் எப்போதும் தேங்காய் நார் ஒட்டியிருக்கும்.

அந்தச் சந்திலும் சுற்றுப்பக்கத்திலும் எங்களைப் போன்ற சின்னக் கடைகள் நாற்பது இருக்கும். நாங்கள் கற்பூரம், விளக்குத்திரி, மஞ்சள், குங்குமம் விற்றோம். தேரடித் தெருவின் பெரிய ஜவுளிக்கடை, பாத்திரக்கடை முதலாளிகளுக்கு முன்பே ஒரு சங்கம் இருந்தது. அதிகாரிகள் வந்தால் அங்கேதான் காபி சாப்பிடுவார்கள். விற்பனை வரி விஷயமாக ஒரு தடவை குழப்பம் வந்தபோது நாங்களும் ஒரு சங்கம் ஆரம்பித்தோம். செயலாளராக யார் இருப்பது என்றதும் ஆளாளுக்கு ஒதுங்கினார்கள். ஆபீஸ் ஆபீஸாகப் போய் நிற்க வேண்டும், வியாபாரம் கெடும். மத்தியானத்தில் கயிறு வாங்க யார் வருகிறார்கள் என்று சொல்லி அவர் தலையில் கட்டினார்கள். அதற்கே அவர், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் எடுத்துக்கொண்டாராம்.

அவர் வேலை செய்த விதம் இதுதான். சர்க்கார் புதிதாக ஏதாவது கொண்டுவருகிறது, நகராட்சி ஏதாவது கேட்கிறது என்றால் ஒவ்வொரு கடையாக வருவார். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். வெயிலில் தரை கொதித்தாலும் அப்படித்தான். விஷயத்தைச் சொல்லி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார். பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். நம் பதில் நல்லது என்றோ கெட்டது என்றோ அவர் முகத்தில் தெரியாது. அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே கையிலிருக்கிற பொட்டலத்தைக் கீழே வைத்துவிடுவேன். புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் வந்தார். தீபத் திருவிழாவுக்கு வீதியில் பந்தல் போட்டு விற்கிறவர்களிடம் நகராட்சி தரைவாடகை கேட்டது. அது பற்றி என் வீட்டுக்காரர் ஏதோ பதில் சொன்னார். இவர் நகரவில்லை.

"சரிங்க. தங்கச்சி என்ன சொல்லுது?"

"அவளுக்கு என்னண்ணே தெரியும்? நான் சொன்னா அவ சொன்ன மாதிரி."

"உங்களுக்கு இளைப்பு வந்தா நாலு நாளைக்குக் கடையில நிக்கறது அதுதானே? அதைக் கேக்காம எப்படி?"

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அது வரைக்கும் என்னை ஒருவரும் எதையும் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தபோதுகூட. அவசரமில்லை, யோசித்துச் சொல்லட்டும் என்று போய்விட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நின்றார். தீபத்துக்கு முன்னால் கையிலிருப்பதெல்லாம் சரக்கில் போய்விடும், அதனால் திருவிழா முடிந்தபிறகு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். நகராட்சிக் கூட்டத்தில் அவர் அதை அப்படியே, கற்பூரக்கடை அம்மா சொன்னது என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் எனக்குத் தெருவில் தலை காட்டவே வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வருஷத்திலிருந்து திருவிழா முடிந்துதான் வாங்கினார்கள்.

அதே கூட்டத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் சங்கத்தின் முடிவை ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று நகராட்சித் தலைவர் கேட்டாராம். ஒரே வார்த்தையாக இல்லை, பூக்கடைக்காரர்கள் ஒன்று சொல்கிறார்கள், ஈயம் பூசுகிறவர் வேறு சொல்கிறார், மூன்று பேருக்கு எதிலும் சம்மதமில்லை என்று இவர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். தேரடித் தெருச் சங்கத்துக்காரர் ஒருவர் வெளியே வந்து எங்கள் ஆட்களிடம், "எங்க செயலாளர் எங்களுக்காகப் பேசுவாரு. உங்க ஆளு உங்களைப் பத்திப் பேசறாரு" என்று சொல்லிச் சிரித்தார். 

படி, வீசை எல்லாம் போய் லிட்டர், கிலோ வந்தபோது எங்களைக் கேட்டது போதாதென்று வாங்க வருகிறவர்களையும் நிறுத்தி, லிட்டர் என்றால் புரிகிறதா என்று கேட்டார். மூட்டை தூக்கிக்கொண்டு போகிறவனையும் விடவில்லை. வளையல் கடைக்காரர் வாய் சும்மா இருக்காது. "நாளைக்கு எமன் வந்து கூப்பிட்டாலும், இருப்பா, சங்கத்துல கேட்டுட்டு வரேன்னுதான் சொல்லுவாரு" என்பார்.

சிரிப்பதற்கு நன்றாக இருந்தது. ஆனால் அவர் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மூத்த பெண்ணுக்கு ஆரணிப் பக்கத்திலிருந்து நல்ல இடம் வந்தது. தட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று அவர்கள் கேட்டபோது, பெண்ணைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பெண்ணைக் கேட்டார், அவள் அம்மாவைக் கேட்டார், மைத்துனர்களைக் கேட்டார். எல்லோரும் சரியென்று சொன்ன பிறகு ஆரணிக்குப் போனால், அவர்கள் வேறிடத்தில் நிச்சயம் செய்துவிட்டிருந்தார்கள். அவர் மனைவி என் கடைக்குக் கற்பூரம் வாங்க வந்தபோது, "ஊருக்கே வாயா இருக்கற மனுசனுக்கு வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்ல" என்று அழுதார். பிறகு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானது. ஆனால் நாலு வருஷம் ஆயிற்று.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் பிழைப்பு போய் மாட்டிக்கொண்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்ற சட்டத்தை எங்கள் ஊரிலும் கண்டிப்பாக நடத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தேரடித் தெருவில் கடைக்குப் பத்து ஆள், பதினைந்து ஆள். அவர்கள் மூடித்தான் ஆக வேண்டும். அன்றைக்குச் சின்னக் கடைகள் திறந்திருந்தால் தங்கள் வியாபாரம் இந்தப் பக்கம் வந்துவிடும் என்று அவர்களுக்குப் பயம். அதனால் ஊரில் ஒரு கடை பாக்கியில்லாமல் எல்லாம் திங்கட்கிழமை மூட வேண்டும் என்று அவர்கள் சங்கம் சர்க்காருக்கு எழுதிப்போட்டது. திங்கட்கிழமை ஜவுளி வியாபாரம் கம்மி. எங்களுக்கோ திங்கட்கிழமைதான் எல்லாமே. சோமவாரம் என்று கோயிலுக்கு வருகிற கூட்டத்தை வைத்துத்தான் வாரம் முழுக்க எங்கள் அடுப்பு எரிந்தது.

என் வீட்டுக்காரருக்கு அந்த மாசம் இளைப்பு ஜாஸ்தி. கடை போய்விட்டால் கீழ்பென்னாத்தூரில் அவர் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அண்ணன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். வேர்க்கடலை ஆய்கிற வேலை எனக்கு, திண்ணைக்குக் காவல் அவருக்கு. ஓரகத்தியின் கையை எதிர்பார்த்துச் சாப்பிட வேண்டும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பற்றிப் பேசமாட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு கற்பூரப் பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பார். 

வேலூரிலிருந்து தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். வெளியூர் அதிகாரிகள் தங்குகிற முசாபரி பங்களாவில் ஒரு வியாழக்கிழமை காலையில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுக் கேட்டார். வீட்டுக்காரரால் நடக்க முடியாததால் நான் போனேன். பெண்பிள்ளை நான் ஒருத்திதான். தூண் ஓரமாக நின்றுகொண்டேன்.

அதிகாரி கோபக்காரர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் எங்கள் செயலாளரைப் பார்த்து, கூலிக்கு ஆள் வைக்காமல் குடும்பத்தார் மட்டும் நடத்துகிற கடைகளுக்கு விலக்குத் தரலாம் என்று தானே சிபாரிசு செய்வதாகவும், ஆள் வைத்திருக்கிற கடை சின்னதோ பெரியதோ மூடத்தான் வேண்டும் என்றும் சொன்னார். உங்கள் சங்கத்துக்குச் சம்மதமா என்று கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எங்கள் கடையில் கூலி ஆள் கிடையாது. நாற்பதில் ஆறு கடைகளைத் தவிர ஒருவருக்கும் கிடையாது. சம்மதம் என்ற ஒரு வார்த்தை போதும்.

"கேட்டுட்டு வந்து சொல்றேங்க" என்றார் அவர்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். எங்கள் ஆட்களில் யாரோ செயலாளரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜீப் கிளம்பிவிடும், அதற்குள் வந்து சொல்லுங்கள் என்று அதிகாரி எழுந்து போய்விட்டார். வெளியே வந்ததும் எங்கள் ஆட்கள் செயலாளரைப் பிடித்துக்கொண்டார்கள். கையில் கொடுத்ததைக் கீழே போட்டுவிட்டு வந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். அந்த அதிகாரி மனசு மாறுவதற்கு அரை நாள் போதாதா என்றார்கள். அவர் குனிந்தபடியே, "இங்க வந்தவங்க பாதிப் பேர்தானே. மீதிப் பேரைக் கேக்கணுமில்ல" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் போல ஒரு மத்தியானம் எனக்கு இருந்ததில்லை. ஜீப் அதற்குள் போய்விடுமோ என்று இருந்தது. தேரடித் தெருக்காரர்கள் யாராவது பங்களாவுக்குப் போகிறார்களா என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வந்து செருப்பைக் கழற்றினார். எங்களுக்குச் சம்மதம் என்று நானே சொன்னேன். யோசித்துச் சொல்லும்மா என்றார். யோசித்தாயிற்று என்றேன்.

ஆள் வைத்திருந்த ஆறு கடைகளில் ஒன்று எங்கள் கடைக்கு எதிரிலிருந்த இட்லிக்கடை. அங்கே அவர் நின்று பேசியது முழுக்க எனக்குக் கேட்டது. இட்லிக்கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "இதுல என்ன இருக்குது? மாவாட்டற பொம்பளைய அனுப்பிட்டா நானும் ஆளில்லாத கடைதானே. சம்மதம்னு சொல்லிடுங்க" என்றார். வளையல் கடையிலும் தையல் கடையிலும் மற்ற மூன்றிலும்கூட அதே பதில்தான் வந்ததாம். இரண்டு மணிக்கெல்லாம் நாற்பது கடையும் சம்மதம் என்று ஆகிவிட்டது. எனக்கு மூச்சு வந்தது.

அவர் பங்களாவுக்குப் போகவில்லை. இட்லிக்கடை வாசலுக்குத் திரும்பி வந்து நின்றார். உள்ளே பக்கவாட்டில் கல்லுரல். அதன் முன்னால் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசிருக்கும். விடியற்காலையில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருவாள். குழவியின் சத்தத்தில் அவர் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டதும் கையை நிறுத்தினாள்.

அவர் எல்லாவற்றையும் எங்களிடம் சொன்னது போலவே அவளிடமும் சொல்லி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

அவள் முதலாளியைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். "வாரத்துல ஒரு நாளு லீவு வருதுன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன்" என்றாள். "லீவு குடுக்கறேன்னு சொல்லிட்டு வேலையே இல்லாம பண்றீங்களே. இது எந்த ஊரு நாயம்?"

இட்லிக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "யோவ், நீ எங்களுக்குச் செயலாளரா, இவளுக்கா?"

"உங்களுக்குத்தாங்க. ஆனா பேச்சு இவங்க வேலையைப் பத்தித்தானே. கேக்காம எப்படி?"

மற்ற ஐந்து கடைகளுக்கும் திரும்பிப் போய் அங்கே வேலை செய்கிறவர்களையும் அவர் கேட்டார். வளையல் கடைக்காரர் வேஷ்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே திட்டிக்கொண்டு போனார். மணி நாலு ஆகிவிட்டது.

பங்களாவில் இந்தத் தடவை எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நான் அதே தூண் ஓரம். ஜீப்பில் பெட்டி ஏற்றியாகிவிட்டது. அதிகாரி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆள் இல்லாத கடைக்காரங்க எல்லாரும் சம்மதம்னு சொல்றாங்க" என்றார் எங்கள் செயலாளர்.

"ஆள் வெச்சிருக்கறவங்க?"

அவர் திரும்பி எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். இத்தோடு நிறுத்திவிட மாட்டாரா என்று நான் அருணாசலேசுவரரை வேண்டிக்கொண்டேன்.

"அவங்களும் சம்மதம்னுதான் சொல்றாங்க. இருக்கற ஆளை அனுப்பிட்டா தாங்களும் இதுல சேந்துடலாம்னு சொல்றாங்க. அந்த ஆளுங்களையும் கேட்டேன். அவங்களுக்குச் சம்மதம் இல்லீங்க. லீவுக்குப் பதிலா வேலையே போவுதேன்னு கேக்கறாங்க."

 அதிகாரி பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நானா?" என்றார். அவரை அப்படி யாரும் கேட்டதே இல்லை போலிருக்கிறது. கயிறு தொங்காத அந்த வராந்தாவில் குனிந்து நின்று வெகுநேரம் தரையைப் பார்த்தார். "எங்கிட்ட ஆள் இல்லீங்க" என்றார் கடைசியில். 

அதிகாரி எழுதினார். எழுதியதை எங்களுக்குச் சொன்னார். இன்றைய தேதியில் கூலி ஆள் இல்லாத கடைகளுக்கு விலக்குத் தரலாம். இன்றைக்கு ஆள் வைத்திருக்கிற கடை, நாளைக்கு ஆளை அனுப்பிவிட்டாலும் விலக்குக் கிடையாது. அப்படி ஆள் வைத்திருக்கிற கடைகள் எவை என்று கேட்டார்.

"அவங்களே இங்க இருக்காங்க. அவங்களைக் கேட்டுக்குங்க" என்றார் இவர்.

ஆறு பேரும் ஒவ்வொருவராகத் தங்கள் கடையைச் சொன்னார்கள். இட்லிக்கடைக்காரர் கடைசியாகச் சொன்னார். ஜீப் கிளம்பியது.

பல மாசம் கழித்து உத்தரவு வந்தபோது அந்த அதிகாரி எழுதியபடியே இருந்தது. நாங்கள் கீழ்பென்னாத்தூருக்குப் போகவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் பங்களாவிலிருந்து திரும்பி நடக்கும்போது எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. எங்கள் செயலாளரோடு சேர்ந்து ஒருவரும் நடக்கவில்லை. வளையல் கடைக்காரர், சொந்த சங்கத்தையே காட்டிக்கொடுத்தவன் என்று தெருமுழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். இட்லிக்கடைக்காரர் எல்லோருக்கும் முன்னால் வேகமாக நடந்து போய்விட்டார். எனக்கு அதுதான் கலக்கமாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் எங்கள் கடைக்கு வந்து செருப்பைக் கழற்றினார். இனி கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

"தங்கச்சி, நான் அங்க சொன்னது சரியா?"

எதிரே இட்லிக்கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லுரல் பக்கம் சத்தமில்லை. அவள் வேலை முடிந்து போய்விட்டிருந்தாள்.

"தெரியலண்ணே" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மற்ற எந்தப் பதிலையும் வாங்கிக்கொள்வது போல அதையும் தலையாட்டி வாங்கிக்கொண்டு, அடுத்த கடையில் கேட்கப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே கற்பூரம் நன்றாக விற்றது. எதிர்க்கடையில் இட்லிக்கடைக்காரரின் மனைவி மாவாட்டிக்கொண்டிருந்தாள். விலக்குக் கிடைக்காது என்று தெரிந்தும் அந்த அம்மாளை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.